குறை கேட்கும் ஞாயிறு

தவமணி மூப்பர் தலைகுனிய வேண்டும் என்று நான் ஒரு வருடம் முழுவதும் ஜெபம் பண்ணினேன். சும்மா அல்ல, சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு. மற்றவர்கள் மகனுக்கு வேலை வேண்டும், மகளுக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்பார்கள். நான் கேட்டது ஒன்றுதான். அந்த ஆள் என் அம்மா முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும், அதைச் சபை முழுவதும் பார்க்க வேண்டும். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு இது ஒரு பெரிய வேலையா?

என் பெயர் எப்சிபா. கொடைக்கானலைத் தாண்டிப் போளூருக்குப் போகிற பாதையில் எங்கள் ஊர். அங்குள்ள ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து மணியடிப்பது என் வேலை. ஆலயத்துக்குப் பின்னால் ஓர் அறை தந்திருக்கிறார்கள், அதில் இருக்கிறேன். புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். மகள் பிரியா வத்தலக்குண்டில் விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். அந்த விடுதியில் அவளுக்கு இடம் கிடைத்தது எங்கள் சபைக் கமிட்டியில் மூத்தவரான தவமணி மூப்பர் கொடுத்த கடிதத்தால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொன்னால் மறைத்துவிட்டேன் என்பீர்கள்.

அம்மா பொன்னுத்தாய் மேலத்தெருவில் தனியாக இருக்கிறாள். அறுபத்திரண்டு வயது. இன்னமும் பூண்டுக் காட்டில் கூலி வேலை.

எங்கள் ஊரில் பூண்டை வைத்துத்தான் எல்லாம். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதுகூடப் பூண்டு பிடுங்கின பிறகுதான். பிடுங்கும்போது சிலவற்றில் தாள் அறுந்து பூண்டு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். காட்டுக்காரர் வேலையை முடித்ததும், வேலியில் ஆள் நுழைகிற இடத்தில் குறுக்கே கட்டியிருக்கும் மூங்கிலை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவார். மூங்கில் கீழே கிடந்தால் கூலிக்காரப் பெண்கள் உள்ளே போய், மண்ணைக் கொத்தி, தங்கினதைப் பொறுக்கிக்கொள்ளலாம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். மூங்கில் குறுக்கே இருந்தால் ஆடு நுழையும், நாங்கள் நுழையமாட்டோம். அப்படிப் பொறுக்குகிறவர்கள் அம்மாவோடு சேர்த்துப் பதினான்கு பேர். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களை அந்தப் பூண்டை விற்றுத்தான் அவர்கள் ஓட்டுவார்கள்.

இது எந்த வேதத்தையும் படித்துவிட்டு வந்த வழக்கம் இல்லை. தவமணி மூப்பர் காட்டுக்கு அடுத்த காடு திருமலைச்சாமியுடையது. அவர் வருடம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுக்கிறவர். பைபிளை அட்டையோடுகூடப் பார்த்திருக்கமாட்டார். பிடுங்கி முடித்த அன்று சாயங்காலமே அவர் காட்டு மூங்கில் கீழே கிடக்கும்.

அடுத்தது எங்கள் சபையின் வழக்கம். அக்டோபர் முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஆனால் காணிக்கையைப் படைப்பதற்கு முன்னால் எங்கள் பாதிரியார், ஐயர் என்போம், சபையைப் பார்த்து மூன்று தடவை கேட்பார், யாருக்காவது யார்மேலாவது குறை உண்டா என்று. உன்மேல் ஒருவனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய்ச் சமாதானமாகு என்று இயேசு சொன்னார் இல்லையா, அதை எங்கள் ஊரில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். யாராவது எழுந்து ஓர் ஆளின் பெயரைச் சொன்னால், அந்த ஆளின் காணிக்கை வாசல்படிக்குப் போய்விடும். ஆளும் கூடவே வெளியே போக வேண்டும். குறை சொன்னவர் சமாதானம் என்று சொன்னால்தான் இரண்டும் உள்ளே வரலாம். பெரும்பாலும் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். முன்பு ஒரு தடவை ஒருத்தி கோழி விஷயமாக எழுந்தாளாம், பாட்டு முடிவதற்குள் சமாதானமாகிவிட்டதாம்.

போன வருடம் தவமணி மூப்பர் எழுந்தார்.

அவர் எழுந்தது என் அம்மாவின் பெயரைச் சொல்ல. அம்மா முந்தின நாள் அவர் காட்டில் பொறுக்கின பூண்டில் நல்லதாகப் பார்த்து எடுத்து, மண் போகத் துடைத்து, ஒரு சின்னக் கூடையில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்திருந்தாள். பொறுக்கினதிலும் முதல் பங்கு ஆண்டவருக்கு. அவள் எப்போதும் அப்படித்தான்.

"எனக்குக் குறை இருக்கு," என்றார் மூப்பர். வெள்ளைச் சட்டை, மோதிரம், கையில் பெரிய எழுத்துப் பைபிள். "பொன்னுத்தாய் வச்சிருக்கிறது எங்காட்டுல திருடின பூண்டு. திருட்டுச் சாமானைப் பீடத்துல வைக்கிறதை நான் பாத்துட்டு இருக்க முடியாது."

அம்மா எழுந்து நின்றாள். "மூங்கில் கீழ கெடந்துச்சுங்கய்யா. அதுக்கப்புறம்தான் போனேன்."

"நான் மூங்கிலத் தொடவே இல்ல. இன்னொரு தடவ கொத்தணும்னு வச்சிருந்தேன்."

சந்தோஷ்குமார் ஐயர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், சின்ன வயது, மூப்பர் என்றால் அவருக்குக் கொஞ்சம் பயம். அவர் சபையைப் பார்த்தார். "மூங்கில் கீழ கெடந்ததை யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஐயர் கடைசி வரிசையில் மணிக்கயிற்றுப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார், "சிஸ்டர், அந்தக் கூடையை எடுத்து வெளியில வச்சிருங்க." அது என் வேலை. கூடையை எடுத்தேன். அம்மா எனக்கு முன்னால் நடந்து படிக்குப் போனாள். கூடையை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். அம்மா மூப்பர் வீட்டுக்குப் போய், திருடினேன் என்று ஒத்துக்கொண்டால் சமாதானம் என்று கமிட்டி முடிவு பண்ணியது. அம்மா போகவில்லை. பூண்டை ஓடையில் கொட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஆலயத்துக்கு வரவே இல்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன். மூங்கில் கீழே கிடந்ததை நான் பார்த்தேன். கிடந்ததை மட்டும் இல்லை. அந்தச் சனிக்கிழமை வெள்ளனே பண்டிகைக்கு அலங்காரம் பண்ண ஓடைப் பக்கம் இலை அறுக்கப் போனேன். தவமணி மூப்பர் காட்டு வாசலில் நின்று கட்டை அவிழ்த்து, மூங்கிலை இரண்டு கையாலும் தூக்கி வேலியோரம் எறிந்தார். அப்புறம் கையைத் தட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மத்தியானத்துக்குள் பூண்டு விலை ஏறிவிட்டது என்று கொடைக்கானலிலிருந்து வியாபாரி போன் பண்ணியிருக்கிறார். இன்னொரு தடவை கொத்தினால் நாலு மூட்டை தேறும் என்ற ஆசை. மூங்கில் மறுபடியும் குறுக்கே ஏறிவிட்டது. அதற்குள் அம்மா பொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நடந்தது இவ்வளவுதான்.

பிறகு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பீர்கள். சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பெருக்குகிறவள் பேச்சு, அதுவும் மகள் பேச்சு. பிரியா விடுதியில் இருப்பது அந்த ஆள் கடிதத்தால். ஆலயத்து அறையை விட்டால் எனக்கு வேறு கூரை இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மறக்கவில்லை. அந்த ஆளுக்கு எந்த இடத்தில் அடித்தால் வலிக்குமோ அந்த இடத்தில், அந்த நாளில் அடிக்க வேண்டும் என்று அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். அடுத்த குறை கேட்கும் ஞாயிறுதான் அந்த நாள்.

அந்த ஒரு வருடம் நான் படித்த மாதிரி ஐயர்மார்கூடப் பைபிளைப் படித்திருக்கமாட்டார்கள். மத்தியானம் ஆலயத்தைத் துடைத்துவிட்டு, பிரசங்க மேடையில் இருக்கும் பெரிய பைபிளைத் திறந்து சாபமாகத் தேடுவேன். கிடைத்த இடத்தில் எரிந்த தீக்குச்சி ஒன்றைச் செருகி வைப்பேன். ஆரம்பத்தில் சாபத்தைத்தான் தேடினேன், கையில் அகப்பட்டதோ வேறு. பக்கத்துக்குப் பக்கம் ஏழை. ஓரம் வரைக்கும் அறுக்காதே, சிந்தினதைத் திரும்பப் போய்ப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் விதவைக்கும் உரியது என்று மோசே காலத்திலேயே சட்டம். ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றவர்களை ஓர் ஆட்டுக்காரத் தீர்க்கதரிசி கிழித்துத் தோரணம் கட்டுகிறார். உங்கள் பண்டிகையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், முதலில் நியாயத்தைச் செய்யுங்கள் என்று ஆண்டவரே சொல்வதாக அவர் எழுதியிருக்கிறார். மோதிரம் போட்டவன் வந்தால் நாற்காலியும் கந்தல் கட்டினவன் வந்தால் தரையும் காட்டுகிற சபையை அப்போஸ்தலர் ஒருவர் விளாசுகிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தவமணி மூப்பர் ஞாயிறுதோறும் கையில் தூக்கிக்கொண்டு வருகிற புத்தகத்தில் அவரைப் பற்றியே இவ்வளவு எழுதியிருக்கிறது!

ஒரு நாள் ஐயரிடமே கேட்டேன். "ஐயரே, காட்டு ஓரத்தை ஏழைக்கு விடணும்னு போட்டிருக்கே, அதை ஏன் ஒரு நாளும் பிரசங்கம் பண்ண மாட்டேங்கிறீங்க?"

அவர் நெளிந்தார். "அது பழைய ஏற்பாடு, சிஸ்டர். அந்தக் காலத்து விவசாயத்துக்குச் சொன்னது."

"பத்துல ஒரு பங்கு குடுங்கிற தசமபாகமும் பழைய ஏற்பாடுதான். அது மட்டும் மாசாமாசம் வருதே?"

"சிஸ்டர், ஜன்னல்ல ஒட்டடை இருக்கு பாருங்க," என்றார். நானும் பார்த்தேன்.

இதற்கிடையில் சபையில் காடு வைத்திருக்கிற மற்றவர்களும் மூங்கிலை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மூப்பரே எடுக்கவில்லை, நமக்கென்ன என்று. பதினான்கு பெண்களுக்கும் திருமலைச்சாமி காடு ஒன்றுதான் மிச்சம். பதினான்கு பேரும் அங்கே போய் விழுந்தால் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்?

அம்மா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வந்ததா, பிரியா போன் பண்ணினாளா, இந்த அளவில்தான் பேச்சு. என் அறைக்கு வந்தால் வாசலோடு நிற்பாள். சாப்பிடச் சொன்னால் பசியில்லை என்பாள். ஒரு நாள் திடீரென்று, "அன்னைக்கு மூங்கில் கட்டியிருந்த கயிறு தேங்காநார்க் கயிறா, நைலானா?" என்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும் என்றேன். சரி என்று போய்விட்டாள். அவமானம் அவளை இப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தேன். அவள் ஒடுங்க ஒடுங்க எனக்குத் தவமணிமேல் ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது.

இந்த வருடப் பண்டிகை நாள் வந்தது. காலையில் நல்ல மூடுபனி, எதிரில் வருகிற ஆள் தெரியவில்லை. மணியடிப்பதற்கு முன்னால் மேலத்தெருவுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்குக் கோயிலுக்கு வாம்மா. இன்னைக்கு நான் கேக்கப் போறேன்."

"யாரை?"

"யாரையா? தவமணியத்தான். ஒனக்காக ஒரு வருஷமாக் காத்துக் கெடக்கேன்."

அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "போ, மணியடிக்க நேரமாச்சு," என்றாள்.

தவமணி மூப்பர் காணிக்கை ஜீப்பில் வந்தது. பின்னிக் கட்டின பூண்டு எட்டுக் கூடை, முட்டைக்கோஸ் இரண்டு கூடை, கேரட் ஒரு கூடை. பதினொன்றையும் நானே இறக்கி, பீடத்துக்கு முன்னால் நடுவாக, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அடுக்கினேன். "நல்லா வச்சிருக்க எப்சி," என்றார் மூப்பர். இன்னும் கொஞ்ச நேரத்தில் இதை நான் தூக்கி வெளியே போடப்போகிறேன் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறைக்குப் பின்னால் நான் போட்டிருந்த முள்ளங்கியில் ஒரு கட்டுப் பிடுங்கி, கழுவி, ஓரமாக என் காணிக்கையையும் வைத்தேன்.

பாட்டு முடிந்தது. ஐயர் முன்னால் வந்து முதல் தடவை கேட்டார், "இந்தச் சபையில யாருக்காவது யார்மேலாவது குறை உண்டா?" ஒரு குழந்தை இருமியது. இரண்டாம் தடவை கேட்டார். நான் எழுந்தேன்.

"எனக்குக் குறை இருக்கு. தவமணி மூப்பர் மேல."

பெஞ்சில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. "எங்கம்மாவத் திருடின்னு சொல்லி அவங்க கூடையை வெளியேத்துனாரு. அது பொய். அவரு காணிக்கைய வெளிய வைக்கணும். அவரு மேலத்தெருவுக்கு நடந்து போயி எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

தவமணி மூப்பர் பதறவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தார். "ஐயரே, குறை உள்ள ஆளுதான் எந்திரிக்கணும். இது கோர்ட்டு இல்ல, ஒருத்தருக்காக இன்னொருத்தர் வாதாட. பொன்னுத்தாய்க்குக் குறைன்னா பொன்னுத்தாய் வரட்டும்."

"ரூல் அப்படித்தான் இருக்கு, சிஸ்டர்," என்றார் ஐயர், தரையைப் பார்த்துக்கொண்டு. "உக்காருங்க."

ஒரு வருடமாக முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தேன். இதற்குத்தானே காத்திருந்தேன். "மூப்பரய்யா, மூங்கிலத் தொடவே இல்லன்னு இதே எடத்துல நின்னு சொன்னீங்கல்ல? அன்னைக்கு வெள்ளனே நீங்க கட்டவுத்து, ரெண்டு கையாலயும் தூக்கி வேலியோரம் எறிஞ்சத நான் பாத்தேன். ஓடைப் பக்கம் இலை அறுத்துக்கிட்டு நின்னேன். இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்! பைபிளத் தொட்டுச் சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க பாப்போம்!"

மூப்பர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பைபிள் மடியிலேயே இருந்தது, அதன்மேல் இருந்த கையை அவர் எடுத்துவிட்டார். சபை முழுவதும் அதைப் பார்த்தது. அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தேன் குடித்த மாதிரி இருந்தது. இன்னும் நாலு வார்த்தை விளாச வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"எப்பப் பாத்த?"

குரல் வாசலிலிருந்து வந்தது. அம்மா நின்றிருந்தாள். சேலை பனியில் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

"அன்னைக்குத்தாம்மா. சனிக்கெழம காலைல."

"சனிக்கெழமை," என்றாள் அம்மா. மெதுவாக நடுவழியில் நடந்து வந்தாள். "அப்ப ஞாயித்துக்கெழம இந்த ஐயரு, யாராச்சும் பாத்தீங்களான்னு கேட்டப்ப ஒனக்குத் தெரியும்."

அம்மா என் எதிரில் வந்து நின்றாள்.

"கூடையத் தூக்கிட்டு வந்து எங்கையில குடுத்தப்பவும் தெரியும்."

"தெரியும்," என்றேன். எனக்கே கேட்காத மாதிரி வந்தது.

அம்மா ஐயர் பக்கம் திரும்பினாள். "மூணாந் தடவ கேட்டுட்டீங்களா, ஐயரே?"

"இன்னும் இல்லம்மா."

"கேளுங்க."

ஐயர் கேட்டார்.

"எனக்குக் குறை இருக்கு," என்றாள் அம்மா. "ரெண்டு பேரு மேல. தவமணி ஐயா மேல ஒண்ணு. எம் மக எப்சிபா மேல ஒண்ணு."

வெளியே தூக்கி வைப்பது என் வேலை. பதினொரு கூடையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். ஒரு வருடமாக இந்த நடையை நடப்பதை எத்தனை தடவை மனதில் ஒத்திகை பார்த்திருப்பேன்! ஒவ்வொரு கூடைக்கும் ஒரு வசனம் என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கடைசியாகப் போய் என் முள்ளங்கிக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

படியில் நானும் தவமணி மூப்பரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தோம். பனி விலகவே இல்லை. அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார், "ஏ எப்சி, உங்கம்மா என்ன கேப்பா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். அது நிஜம்தான்.

அம்மா ஐயரோடு வாசலுக்கு வந்தாள். பின்னால் சபை முழுவதும் கூடி நின்றது. மூப்பர் எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"மூங்கில யாரு எடுத்தான்னு சொல்லுங்கய்யா," என்றாள் அம்மா. கோபமே இல்லாத குரல்.

"நாந்தான் எடுத்தேன்."

"அப்ப நான்?"

அவர் தலை குனிந்தது. "நீ திருடல பொன்னுத்தாய். தப்பு எம் மேலதான்."

"நாளைக்கு வெள்ளனே காட்டைத் தெறந்து விடுங்க. நீங்க வாசல்ல நிக்கணும். எனக்கு மட்டும் இல்ல, பதினாலு பேரு இருக்கோம். ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி உள்ள வான்னு கூப்பிடணும். வருஷா வருஷம் கூப்பிடணும். மத்த காட்டுக்காரங்களும் இங்கதான் நிக்காங்க, அவங்களும் கேட்டுக்கிடட்டும். அப்படின்னா எனக்குச் சமாதானம்."

"கூப்பிடுறேன்," என்றார் மூப்பர். காடு வைத்திருக்கிற மற்ற நாலைந்து பேரும் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் கூட்டத்தில் யாரோ அழுதார்கள். தவமணி மூப்பர் என் அம்மா முன்னால் தலை குனிந்து நின்றார், சபை முழுவதும் பார்த்தது. நான் கேட்டது கேட்டபடியே நடந்தது. எனக்கு அதில் ஒரு துளி ருசி இல்லை.

ஐயர் முகம் தெளிந்தது. "அப்படியே சிஸ்டர் எப்சிபாவோடயும் சமாதானம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"அவருக்குக் காடு இருக்கு, ஐயரே. மூங்கிலத் தூக்கிப் போட்டா அவரு சோலி முடிஞ்சிருச்சு. இவகிட்டத் திருப்பிக் குடுக்க அப்படி என்ன இருக்கு?" என்றாள் அம்மா. "அவரை உள்ள கூட்டிட்டுப் போங்க."

மூப்பர் உள்ளே போனார். ஐயர் பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்து, "சிஸ்டர், அந்தக் கூடைகளை..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் எழுந்தேன். தவமணியின் பதினொரு கூடையையும் மறுபடியும் தூக்கிக்கொண்டுபோய், இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டு, ஒவ்வொரு தடவையும் வெளியே வந்தேன். கடைசிக் கூடையை வைத்துவிட்டு வந்தபோது உள்ளே நன்றிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அம்மா மட்டும் வாசலில் நின்றிருந்தாள்.

"பயந்துட்டேம்மா," என்றேன். "பிரியா விடுதி, இந்த வேல, அந்த ரூமு. எல்லாம் போயிருமேன்னு பயந்துட்டேன்."

"பயந்ததுக்கு நான் கோவிக்கல. நானும் பயந்து பயந்துதான் ஒன்னை வளத்தேன். அன்னைக்கு இத்தன பேரு முன்னால ஒன்னால சொல்ல முடியல, சரி. மறுநாள் எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல? என் வீட்டுக்கு வந்து, கதவச் சாத்திட்டு, எங்காதுல மட்டும்?"

"அந்தாளப் பழி வாங்கணும்னு வச்சிருந்தேம்மா. ஒனக்காகத்தான்."

"எனக்காக." அம்மா அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். "ஒரு வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல, ஒனக்குத் தெரியுமா? மூங்கில் கீழ கெடந்துச்சா, இல்ல என் கண்ணுதான் அப்படிக் காட்டுச்சான்னு. பாத்தவங்க ஒருத்தர் இல்ல. மூப்பரு அடிச்சுச் சொல்றாரு. சபையே சும்மா இருக்கு. வயசாச்சு, பார்வ மங்கிப் போச்சு, ஆசைல போயிட்டோமோன்னு நெனச்சேன். கொஞ்ச நாள்ல எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சிருச்சு. நாந்தான் திருடிட்டேன்னு முடிவே பண்ணிட்டேன். இன்னைக்கு அதச் சொல்லி அவரு கால்ல விழத்தான் வந்தேன்."

நான் படியில் என் முள்ளங்கிக் கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. ஆமாம்மா, கீழேதான் கிடந்தது, நான் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் இருந்தது. ஆலயத்துக்கும் மேலத்தெருவுக்கும் நடுவில் ஐந்து நிமிட நடை. தவமணி முகத்தில் அடிக்க வேண்டும் என்று அந்த வார்த்தையைப் பத்திரப்படுத்தி, பத்திரப்படுத்தி, என் அம்மா தன்னையே திருடி என்று நம்புகிற வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். அந்த ஆள் சொன்னது ஒரு பொய். மற்றதெல்லாம் நான் செய்தது.

"அம்மா," என்றேன்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில், அவளுடைய பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நான் ஆராதனை முடிகிற வரைக்கும் படியிலேயே இருந்தேன். முடிந்ததும் எழுந்துபோய் மணியடித்தேன்.